போல்ட் படம் தேடியது நான்தான்

10.10.2006 செவ்வாய்க்கிழமை முற்பகல் 11 மணிக்கு, அரியலூரில் மனு விசாரணை அதிகாரி முன் ஆஜராகி மர்ஜியா என்பவர் கொடுத்த வாக்குமூலம்.

பெயர் மர்ஜியா, வயது 27, த/பெ காலஞ்சென்ற சைபுல்லா, பள்ளிவாசல் கீழத்தெரு, லெப்பைக்குடிக்காடு, குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம். தொழில், கம்ப்யூட்டரில் இயந்திரப் படம் வரைதல். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் முதலில் 'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதும்படி நான் கேட்டுக்கொண்டதன் பேரில் திருத்தப்பட்டது.

நான் மேற்கண்ட முகவரியில் என் தாயார் பாத்திமா பீவியுடன் குடியிருந்து வருகிறேன். திருச்சியில் மகளிர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துள்ளேன். ஐந்து வருடங்களாகப் பெரம்பலூர் துறையூர் ரோட்டில் உடையார்பாளையம் கிருஷ்ணமூர்த்தி என்பவர் நடத்தும் லேத் பட்டறையில் படம் வரையும் வேலை பார்த்து வருகிறேன். வெளியிலிருந்து வரும் இயந்திர உறுப்புகளை அளந்து கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். அந்தப் படத்தைப் பார்த்துப் பட்டறையில் செய்வார்கள். எனக்கு வாசிம் என்று ஒரே அண்ணன், வயது 30. அவர் தம்மாமில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறார். இரண்டு மாத விடுப்பில் வந்தவர் இந்த மாதம் 8ஆம் தேதி விமானம் ஏறியிருக்க வேண்டும். அவருடைய விசா வருகிற 14ஆம் தேதி சனிக்கிழமை வரைதான் செல்லும். அதற்குள் அவர் அங்கே போய் இறங்காவிட்டால் அந்த விசா செத்துவிடும், வேலையும் போய்விடும்.

நான் இப்போது சொல்லப்போவதை இதற்கு முன் நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட முழுவதும் எழுதிக்கொள்ளவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

18.09.2006 திங்கட்கிழமை காலை சுமார் 10 மணிக்கு, அரியலூரைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் சுரங்க ஒப்பந்தக்காரர் முத்தமிழ்செல்வன் என்பவர் எங்கள் பட்டறைக்கு ஒரு இரும்புக் கதவைக் கொண்டுவந்தார். அவர் இராணுவக் கிடங்கு ஏலத்தில் சக்கரம் வைத்த பழைய ஜெனரேட்டர் ஒன்றை எடுத்திருந்தார். ஏலச்சீட்டின் நகல் எங்களிடம் உள்ளது, இன்று தாக்கல் செய்துள்ளேன். அந்த ஜெனரேட்டர் வெளிநாட்டில் செய்தது. அதன் பக்கவாட்டுக் கதவைப் பூட்டும் பதினான்கு ஸ்டட்டுகளில் ஆறு காணாமல் போயிருந்தன, மீதி எட்டும் தேய்ந்திருந்தன. அவை சாதாரணத் திருகு அல்ல. உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். கதவு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் புதுக் கதவு செய்து, அதில் அதே மாதிரி ஸ்டட்டும் போல்ட்டும் வைத்துத் தர வேண்டும் என்று அவர் கேட்டார்.

தேய்ந்த ஸ்டட்டை அளந்து புதியது செய்தால் புதியதும் தேய்ந்த அளவில்தான் வரும், பூட்டாது. அதனால் தேயாத அளவு எனக்குத் தேவைப்பட்டது. ஸ்டட்டின் தலையில் எம்.எஸ். என்று தொடங்கும் ஒரு எண் வெட்டப்பட்டிருந்தது. எங்கள் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "மைல்டு ஸ்டீல்னு போட்டிருக்கான், நம்ம ராடுலயே கடைஞ்சிடலாம்" என்றார். பட்டறையில் எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஐந்து இலக்கம் இருந்ததால் எனக்குச் சந்தேகம் வந்தது. இரும்பின் பெயருக்குப் பின்னால் ஐந்து இலக்கம் வராது. நான் என் பாலிடெக்னிக் ஆசிரியை ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். அது அமெரிக்க இராணுவ அளவைக் குறிக்கும் எழுத்து என்றும், அந்த எண்ணைக் கொண்டு இன்டர்நெட்டில் தேடினால் அந்த உறுப்பின் முப்பரிமாணப் படமே கிடைக்கும் என்றும், அதை அப்படியே என் படத்தில் பொருத்திக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார்.

இராணுவ அளவு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாத் தொல்லையும் இந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது. இராணுவம் எந்தக் கடையில் போல்ட் வாங்கினாலும் அது ஒரே அளவில், ஒரே உறுதியில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து அளவை அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரிதான். அந்த அளவில் போல்ட் செய்து விற்கும் கம்பெனிகள் பல உள்ளன. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குகிறவர்கள் தங்கள் படத்தில் வைத்துப் பார்ப்பதற்காக அந்தக் கம்பெனிகளே படத்தை இலவசமாக எடுத்துக்கொள்ள விட்டிருக்கின்றன. இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. இரகசியமாக இருந்தால் பெரம்பலூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எப்படிக் கிடைக்கும்?

எங்கள் பட்டறையில் இன்டர்நெட் வசதி இல்லாததால், 20.09.2006 புதன்கிழமை காலை 11 மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு அருகே மாடியில் குழந்தைவேல் என்பவர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். என் அண்ணன் வாசிமும் தன் டிக்கெட் விவரம் பார்க்க வேண்டும் என்று உடன் வந்தார். மும்பையில் ரயிலில் குண்டு வெடித்ததிலிருந்து அங்கே வருகிறவர்கள் பெயர் எழுதி அடையாள அட்டையின் நகல் கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை இருந்தது. நான் என் பெயரை எழுதப் பேனாவை எடுத்தபோது என் அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, "நீ எழுதாத. ஊர்க்காரன் எவனாச்சும் பாத்தா நாலு பேசுவான். நான் எழுதுறேன்" என்று சொல்லித் தன் பெயரை எழுதித் தன் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை அவசரத்தில் சொல்லவில்லை.

அதன் பிறகு என் அண்ணன் தன் டிக்கெட்டைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு எழுந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தினத்தாள் படித்தார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்து 1.15 வரை தேடினேன். கம்ப்யூட்டர் முன் இருந்த மொத்த நேரத்தில் அவர் இருந்தது பத்து நிமிடம், நான் இருந்தது இரண்டு மணி ஐந்து நிமிடம்.

தேடியது சுலபமாக இல்லை. எண்ணின் நடுவில் இருந்தது ஒன்றா ஏழா என்று தெரியாதபடி தேய்ந்திருந்தது. ஒன்று என்று போட்டால் ஒரு வாஷர் வந்தது. ஏழு என்று போட்டால் அந்த எண் ரத்து செய்யப்பட்டு வேறு எண்ணாக மாற்றப்பட்டுவிட்டது என்று வந்தது. மாற்றிய எண்ணைப் போட்டால் ஒரு கம்பெனி புகைப்படம் மட்டும் காட்டியது. இன்னொரு கம்பெனி பெயர், ஊர், தொழில் எல்லாம் கேட்டது. எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதினேன். ஊர் என்ற இடத்தில் பெரம்பலூர் என்றுதான் எழுதினேன். அது என் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் அனுப்புவதாகச் சொன்னது, அனுப்பவில்லை. மூன்றாவது கம்பெனியில் படம் தொண்ணூற்று இரண்டு சதவீதம் இறங்கியபோது லைன் அறுந்துபோனது. மறுபடி முதலிலிருந்து இறக்கினேன். நான்காவது இடத்தில் பெரிய எழுத்தில் 'மிலிட்டரி' என்று தலைப்புப் போட்டு, இந்தப் பக்கத்தில் உள்ள சிலவற்றை வெளிநாட்டில் இருப்பவர்கள் எடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. அதைப் படித்தவுடன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஸ்டட், ஒரு போல்ட், ஒரு நட் ஆகிய மூன்று படங்கள் கிடைத்தன. அவற்றைப் பட்டறையின் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு 25ஆம் தேதி வரை அந்த மூன்றையும் வைத்துக் கதவை வரைந்து முடித்தேன். அன்று முதல் நோன்பு.

26.09.2006 செவ்வாய்க்கிழமை காலை சுமார் 11.30 மணிக்கு நான் பட்டறையில் இருந்தபோது என் தாயார் போன் செய்து, "ரெண்டு பேரு வந்து அண்ணனக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. போலீஸுங்கிறாங்க. பாஸ்போர்ட்டையும் பீரோவுலேருந்து எடுத்துட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, உங்க மவனையே கேளுங்கங்கிறாங்க" என்று அழுதார். நானும் எங்கள் முதலாளியும் உடனே, நான் பின்பு கொடுத்த மனுவில் கண்ட காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே என் அண்ணன் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். செருப்பு இல்லை. மேஜை மேல் பிரவுசிங் சென்டரின் பதிவேடும், நான் மூடிய அந்த நான்காவது பக்கத்தின் அச்சும் இருந்தன. நான் போன பிறகு குழந்தைவேல் அந்தக் கம்ப்யூட்டரில் பார்த்த பக்கங்களைப் பார்த்துவிட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உதவி ஆய்வாளரிடம், தேடியது நான்தான், என் அண்ணனுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிலிட்டரி படம் நீ எதுக்கும்மா தேடுற?" என்று கேட்டார். அது போல்ட்டின் பெயர் என்று சொன்னேன். போல்ட்டுக்கு எதற்கு மிலிட்டரி என்று பெயர் வைக்கிறான் என்று கேட்டார். "பொன்னி அரிசின்னு சொல்றோம், ஆத்தையா வாங்கிட்டு வரோம் சார்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது தவறு என்று இப்போது தெரிகிறது. அவர் அதன் பிறகு என்னைப் பார்த்துப் பேசவில்லை, எங்கள் முதலாளியைப் பார்த்தே பேசினார்.

பின்பு அவர் என் அண்ணனை எழுப்பி நிறுத்தி, "உன் தங்கச்சி நான்தான் பாத்தேங்குது. நீ என்னடா சொல்ற?" என்று கேட்டார். என் அண்ணன் என் பக்கம் திரும்பாமல், "அது வரவே இல்ல சார். எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் அங்கல்லாம் வர மாட்டாங்க. நான்தான் பாத்தேன்" என்றார். என் பெயர் காவல் நிலையத்தில் எழுதப்படக் கூடாது என்பதற்காக அவர் காலையிலிருந்தே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என்ன படம், எதற்கு என்று அவர்கள் கேட்டதற்கு, "ஏதோ நட்டு போல்ட்டு சார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவருக்கு அதற்கு மேல் தெரியாது. ஆனால் அது திமிராகப் பதில் சொன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்று பிற்பகல் பட்டறைக்கு வந்து கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் எடுத்துச் சென்றார்கள். பென் டிரைவில் இருந்த படத்தைத் திறக்க அதற்குரிய மென்பொருள் வேண்டும். அது எங்கள் கம்ப்யூட்டரில் உள்ளது, அதிலேயே திறந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். பறிமுதல் செய்ததைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வேறு கம்ப்யூட்டரில் வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்திருக்கிறார்கள். அதில் வரிவரியாக எண்கள்தான் வரும். ஒவ்வொரு எண்ணும் போல்ட்டின் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது. அதைச் சங்கேத மொழி என்று முடிவு செய்து நாற்பத்தாறு பக்கம் அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். நாற்பத்தாறு பக்கமும் ஒரே ஒரு நட் என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு என் தாயார் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொடுத்துவிட்டிருந்தார். கஞ்சித் தூக்கை உள்ளே விடவில்லை. என் அண்ணனுக்கு நிலையத்தில் நாலு மணிக்கு ஒரு முறை, ஐந்து மணிக்கு ஒரு முறை டீ கொடுத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அவர் குடிக்கவில்லை. விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்தார் என்று அதையும் எழுதியிருப்பதாக இன்று கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாங்கு சொன்ன பிறகு பானைத் தண்ணீரில் நோன்பு திறந்தார்.

27ஆம் தேதி புதன்கிழமை காலை, வாயால் சொல்லி விளங்கவில்லை, பொருளையே காட்டிவிடலாம் என்று எங்கள் முதலாளி முத்தமிழ்செல்வனிடமிருந்து பழைய கதவில் இருந்த போல்ட்டுகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து உதவி ஆய்வாளரின் மேஜை மேல் வைத்தார். உதவி ஆய்வாளர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, 'இராணுவ உதிரிபாகம் - 1' என்று எழுதிப் பறிமுதல் செய்தார். எங்கள் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சார், நானே கொண்டாந்து குடுத்தேன் சார்" என்று மூன்று முறை சொன்னார். கொண்டுவந்து கொடுத்தவர் என்று அவர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு எனக்கு வேறு வழி தெரியாமல், ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் ஸ்கேலும் தாருங்கள் என்று கேட்டேன். தலைமைக் காவலர் அமாவாசை என்பவர் கொடுத்தார். முத்திரை மை டப்பாவின் மூடியை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் ஆறு முகம் பிரித்து, அந்த போல்ட்டைத் தொடாமல், பார்க்காமல், முன்பக்கத் தோற்றம், மேல்பக்கத் தோற்றம், மரை வெட்டு, தலையின் உயரம், கழுத்தின் வளைவு எல்லாவற்றையும் வரைந்து அளவுகளை எழுதினேன். எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. பிறகு, பறிமுதல் செய்த போல்ட்டை நீங்களே அளந்து பாருங்கள் என்று சொன்னேன்.

தலைமைக் காவலர் அமாவாசை வேலைக்கு வருவதற்கு முன் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவர் என்று சொன்னார். எங்கள் முதலாளியின் சட்டைப்பையில் இருந்த அளவுகோலை வாங்கி அந்த போல்ட்டை ஒவ்வொரு இடமாக அளந்து என் தாளில் டிக் போட்டார். தலையின் குறுக்களவு மட்டும் நான் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அவரே அதைத் திருப்பிப் பார்த்து, "இங்க தேஞ்சிருக்கு" என்றார். பிறகு உதவி ஆய்வாளரிடம், "அய்யா, பாப்பா போட்டது சரியா இருக்குங்க. இது கதவு மூடுற போல்ட்டுங்க. வேணும்னா அந்தப் பையனையும் இதே மாதிரி ஒண்ணு போடச் சொல்லிப் பாருங்க" என்றார்.

என் அண்ணனிடம் தாளும் பென்சிலும் கொடுத்தார்கள். அவருக்குச் சட்டைத் துணியின் அளவு தவிர வேறு அளவு தெரியாது. அவர் வரைந்தது ஆணி மாதிரி இருந்தது. மரை என்று சொன்னதற்கு அதன் மேல் நாலு கோடு போட்டார். உதவி ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா பொய் சொன்ன?" என்று கேட்டார். என் அண்ணன் அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு, "அதுக்கு இன்னும் கல்யாணம் ஆவல சார். பேரு ஸ்டேஷன்ல வந்துட்டா யாரு சார் பொண்ணு கேட்டு வருவா?" என்றார். அவர் எனக்காகத்தான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபம் உதவி ஆய்வாளர் மேல்கூட வரவில்லை என்பதை உண்மையாகச் சொல்கிறேன்.

அப்போதே விட்டிருக்கலாம். மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டது, பதில் வர வேண்டும் என்று சொல்லி அன்றும் வைத்திருந்தார்கள். 28ஆம் தேதி வியாழக்கிழமை மாலைதான் அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. சரிபார்க்க வேண்டும், இரண்டு நாளில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அதன் பிறகு அந்தப் பாஸ்போர்ட்டுக்காக நான் ஆறு முறை போனேன். முதல் முறை, கையெழுத்துப் போட வேண்டியவர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை, பாஸ்போர்ட் திருச்சிக்குப் போயிருந்தது. மூன்றாம் முறை திருச்சிக்குப் போனோம், அங்கே வரவே இல்லை என்றார்கள். நான்காம் முறை விடுமுறை. ஐந்தாம் முறை, பீரோவின் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். நான்கு மணி வரை காத்திருந்தேன், அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை. ஆறாம் முறை, "பாஸ்போர்ட் வாங்க ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார்கள். ஆம்பளை வந்தால் பிடித்து உட்கார வைத்துக்கொள்கிறீர்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விமானம் என் அண்ணன் இல்லாமல் போய்விட்டது. அன்று அவர் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரிக்கவும் இல்லை, அதன் பக்கத்தில் போகவும் இல்லை.

இதற்கிடையில் மேலதிகாரிகளுக்கு மனு கொடுத்தேன், அதன் பேரில்தான் இந்த விசாரணை. 5ஆம் தேதி நான் குழந்தைவேலைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் எழுந்து நின்று, "தங்கச்சி, மிலிட்டரின்னு இருந்துச்சு, பயந்துட்டேன். சொல்லலேன்னா கடையை மூடிடுவோம்னு சொல்லியிருக்காங்க. ஆனா ஒரு பொண்ணுதான் உக்காந்து பாத்துச்சு, கூட வந்தவரு வெளிய பேப்பர் படிச்சாருன்னு நான் அன்னிக்கே சொல்லிட்டேன். அத அவங்க எழுதிக்கல" என்றார். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள், அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். இதை விசாரணையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். வருகிறேன் என்றார். இன்று எனக்கு முன்பே வந்து சொல்லியும் விட்டார். தலைமைக் காவலர் அமாவாசையும் தான் அளந்து டிக் போட்ட தாளைத் தாக்கல் செய்துள்ளார். அவர்கள் இருவருக்கும் இதில் என்ன தொந்தரவு வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

முத்தமிழ்செல்வன் போலீஸ் விவகாரம் என்று பயந்து கதவு வேலையை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். அவரை நான் குறை சொல்லவில்லை.

இன்று விசாரணை அதிகாரி அவர்கள் பாஸ்போர்ட்டை வரவழைத்து மேஜை மேல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ரசீதை வாசித்துப் பார்த்தேன். அதில், 'இராணுவப் படங்களை இன்டர்நெட்டில் தேடிய சந்தேகத்தின் பேரில் விசாரித்து, எச்சரித்து அனுப்பப்பட்ட வாசிம் என்பவரின் பாஸ்போர்ட்' என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். இந்த வரி கோப்பில் இருக்கும்வரை என் அண்ணன் ஒவ்வொரு முறை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் இது எழுந்து வரும். அவர் தேடவில்லை. அவரை எச்சரிக்க ஒன்றும் இல்லை.

விசாரணை அதிகாரி அவர்கள் பொறுமையாகவே பேசினார்கள். "தகவல் வந்தது நெசம், தேடுனதும் நெசம். யாருன்னு ஒரு பேரு இல்லாம கோப்பை முடிக்க முடியாதும்மா" என்றார்கள். என் பெயரை எழுதுங்கள் என்று சொன்னேன். அப்போது வாசலில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் உள்ளே வந்து, "வேணாம் சார், என் பேரே இருந்துட்டுப் போவட்டும். பாஸ்போர்ட் கெடச்சா போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு, என்னிடம், "கையெழுத்துப் போடு மர்ஜியா. நாலு நாள்தான் இருக்கு. உனக்கு நாளைக்கு ஒரு எடம் பாக்க வேணாமா?" என்றார். நான், "அண்ணே, என் பேரை மறைச்சதுலதான் உனக்கு இத்தனை நாள் போச்சு. பேரை எழுதுனா வராத மாப்பிள்ளை வராமலே இருக்கட்டும்" என்று சொன்னேன். அவர் வெளியே போகவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

விசாரணை அதிகாரி அவர்கள், எப்படி எழுத வேண்டும் என்று என்னையே சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னபடி எழுதப்பட்டது இது: 'லெப்பைக்குடிக்காடு மர்ஜியா என்பவர், தான் பார்க்கும் வேலைக்காக, ஜெனரேட்டர் கதவில் பொருத்தும் மூன்று உறுப்புகளின் படங்களை, விற்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்த இடங்களிலிருந்து எடுத்தார். வாசிம் என்பவர் உடன் வந்தார், தேடவில்லை.' அதன் கீழே குற்றம் என்று ஒரு கட்டம் இருந்தது. குற்றம் ஏதாவது இருந்தால் என் பெயருக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காலியாக விடாமல் இல்லை என்று எழுதுங்கள் என்று கேட்டேன். 'இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் இடப்பட்டது. பழைய ரசீது என் கண் முன்னால் ரத்து செய்யப்பட்டது.

பிற்பகல் 2.40 மணிக்குப் பாஸ்போர்ட்டை வாங்கி என் அண்ணன் கையில் கொடுத்தேன். வியாழக்கிழமை விமானத்தில் ஒரு இடம் இருப்பதாக ஏஜெண்டு சொல்லியிருக்கிறார். இங்கிருந்து இருவரும் நேராகப் பெரம்பலூர் போய் மெட்ராஸ் பஸ் பிடிக்கிறோம்.

இந்த ஏழு பக்கத்தையும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லி நானே வாங்கி வாசித்தேன். ஐந்தாம் பக்கத்தில் 'இராணுவ போல்ட்' என்று எழுதியிருந்ததை 'போல்ட்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தப்பட்டது. இதில் உள்ளவை நடந்தவை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, யாரும் தடுத்ததற்காக எதையும் சொல்லாமல் விடவும் இல்லை. என் பெயரை முழுவதுமாக எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சைபுல்லா மகள் மர்ஜியா
அரியலூர், 10.10.2006

என் முன்பாக,
(ஒப்பம்) மனு விசாரணை அதிகாரி